மார்ட்டின் லூதர் கிங் நாளின் தேதி ஏன் வருடாவருடம் மாறுகிறது? அன்று என்ன நடக்கும்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. ஆனால் அமெரிக்காவில் விடுமுறை விடுவது ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை. அதனால் தேதி 15க்கும் 21க்கும் நடுவில் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த விடுமுறை லேசில் கிடைத்துவிடவில்லை. 1968இல் அவர் சுடப்பட்ட நான்காம் நாளே நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் மசோதா கொண்டுவந்தார். அதிபர் ரீகன் கையெழுத்திட்டதோ 1983இல். முதல் கொண்டாட்டம் 1986. அப்புறமும் அரிசோனா மாநிலம் முரண்டு பிடித்தது. 1990 வாக்கெடுப்பில் விடுமுறை தோற்றதும், அங்கே நடக்கவிருந்த 1993 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி) ஆட்டம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. 1992இல் மறுபடி வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள் (காசு போன வலியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்).

அன்றைக்கு ஊர்வலம், தேவாலயக் கூட்டம் எல்லாம் உண்டு. பல ஊர்களில் உள்ளூர்ப் போராளிகளை மேடையேற்றி விருது தருவார்கள். 1994 சட்டத்துக்குப் பிறகு இது சேவை நாளும்கூட: பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், உணவு வங்கியில் பொட்டலம் கட்டுவார்கள்.