கமிஷன் மேல் 18%: ஜிஎஸ்டி எண் வாங்கினால் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாமனார் கட்டிய வீட்டின் மாடி அறைகள் இரண்டை ஆன்லைன் புக்கிங் தளம் ஒன்றில் ஹோம்ஸ்டேவாகப் போட்டிருக்கிறேன். ஓர் அறைக்கு இரவுக்கு 3,000 ரூபாய். போன வாரம் ஒரு குடும்பம் ஓர் அறையில் இரண்டு இரவு தங்கியது. 6,000 வர வேண்டிய இடத்தில் 4,932 ரூபாய்தான் வங்கியில் ஏறியிருக்கிறது. கமிஷன், அதன் கீழே 18% வரி, அப்புறம் டிடிஎஸ் என்று கழித்திருக்கிறார்கள். வந்தவர்களிடமும் தனியாக 5% வாங்கியிருக்கிறார்கள். ஒரே அறைக்கு இரண்டு தடவை வரியா? ஜிஎஸ்டி எண் வாங்கினால் அந்த 18% திரும்பி வந்துவிடும் என்கிறார் எதிர்வீட்டு அண்ணன். பிரான்சில் இருக்கும் என் தம்பி, அங்கே வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணைக் கொடுத்தால் தளங்கள் கமிஷன் மேல் வரி போடுவதில்லை என்கிறான். கடலூரில் என் பெயரில் உள்ள கடைக்கு மாதம் 40,000 வாடகை வருகிறது. நான் பதிவு எடுக்கலாமா ஐயா?

பதில்: அந்த 18 சதவீதத்துக்காக மட்டும் என்றால் எடுக்காதீர்கள் அம்மா. எடுத்தாலும் அது திரும்பி வராது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு கடை வாடகையைச் சொன்னீர்களே, அதைத்தான் நான் கவனமாகப் பார்க்கிறேன்.

முதலில் அந்த 4,932. அறை வாடகை 6,000. தளத்தின் கமிஷன் 15%, அதாவது 900. அந்த 900 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி 162. வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்துவைக்கும் டிடிஎஸ் 0.1% என்ற கணக்கில் 6 ரூபாய். மூன்றையும் கழித்தால் 4,932 சரியாக வருகிறது. விருந்தினர் தனியாகக் கொடுத்த 5%, அதாவது 300 ரூபாய், இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆக, இரண்டு தடவை வரி இல்லை. இரண்டு வேறு சேவைகள், இரண்டு வேறு வரிகள். நீங்கள் விருந்தினருக்கு அறை கொடுத்தீர்கள், அதற்கு 5%. தளம் உங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது, அதற்கு 18%. முதலாவதில் ஒரு விசேஷம் உண்டு. பதிவு எடுக்க வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவர் தளம் வழியாக அறை கொடுத்தால், அறை வாடகைக்கான ஜிஎஸ்டியைத் தளமே வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு சொல்கிறது. அதனால் அந்த 300 ரூபாய் உங்கள் கையைத் தொடாமலே போய்விடுகிறது. இரண்டாவதில் நீங்கள்தான் வாடிக்கையாளர். டீக்கடையில் குடிக்கிறவர் காசு கொடுப்பதுபோல் 162 ரூபாயை நீங்கள் கொடுக்கிறீர்கள்.

எதிர்வீட்டு அண்ணன் சொன்னது பொய்யில்லை, பழசு. 2025 செப்டம்பர் 21 வரை ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 12% வரி. பதிவு பெற்றவர், கமிஷன் மேல் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக அதில் கழித்துக்கொள்ளலாம். செப்டம்பர் 22 முதல் அந்த 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. எல்லோரும் குறைந்ததை மட்டும் பேசினார்கள். கூடவே வந்த நிபந்தனை, உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பது. ‘நான் 18% போட்டுக்கொள்கிறேன், வரவைக் கொடுங்கள்’ என்று கேட்கவும் வழியில்லை. உங்கள் 3,000 ரூபாய் அறைக்கு, பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 162 செலவுதான். 7,500க்கு மேல் வாடகை வாங்கும் ஒயிட் டவுன் பங்களாக்காரருக்கு 18% வரி, வரவும் உண்டு. அவர் ஆடிட்டர் சொல்வதை நம் வீட்டுக்குப் பொருத்தக் கூடாது.

தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கேயும் வரி மறைவதில்லை, எண் கொடுத்தவர் தானே கணக்கில் காட்டுகிறார், அவ்வளவுதான். வாட் பிறந்ததே பிரான்சில்தான், 1954 ஏப்ரலில். அதே வருடம் நவம்பர் 1-ல் அவர்கள் புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டார்கள்! இன்று இங்கே பெட்ரோல் பங்கில் கொடுப்பது வாட், உங்கள் பில்லில் இருப்பது ஜிஎஸ்டி. இங்கும் தம்பி சொல்வது போன்ற ஒன்று நடப்பதுண்டு. வெளிநாட்டு நிறுவனமே நேரடியாகப் பில் போடும் தளம் என்றால், ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்தவுடன் 18% பில்லிலிருந்து காணாமல் போகும். சந்தோஷப்பட வேண்டாம். ரிவர்ஸ் சார்ஜ், அதாவது விற்றவருக்குப் பதில் வாங்கியவரே வரி கட்டுவது என்று அது உங்கள் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும், பணமாகவே கட்ட வேண்டும்.

சரி, கடலூர் கடைக்கு வருவோம். சேவை தருபவர்களுக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். இதை வீடு வீடாகவோ ஊர் ஊராகவோ பார்ப்பதில்லை, ஒரு பான் எண்ணுக்கு இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்ப்பார்கள். கன்னியகோயில் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு என்பதெல்லாம் இந்தக் கூட்டலில் செல்லாது. தளம் வழியாக வந்த வாடகை, போனில் கேட்டு நேரே வந்தவர்கள் கொடுத்தது, கடை வாடகை எல்லாமே சேரும். வரிவிலக்கு உள்ள குடியிருப்பு வாடகைகூட இந்தக் கூட்டலில் சேரும்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டுகிறார்கள். உங்கள் இரண்டு அறைகளும் அறைக்கு 270 இரவு ஓடியது என்று வையுங்கள். வாடகை 16.2 லட்சம், கடை 4.8 லட்சம், மொத்தம் 21 லட்சம். பாஸ்புக்கில் கமிஷனும் அதன் வரியும் போக ஏறியது சுமார் 18 லட்சம்தான். 20 வரவில்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், வரித்துறை 21 என்று எண்ணும். விருந்தினர் கொடுத்த வாடகைதான் உங்கள் விற்றுமுதல், கமிஷன் உங்கள் செலவு. 200 இரவு என்றால் 12 லட்சமும் 4.8 லட்சமும், பிரச்சினை இல்லை.

வரம்பைத் தாண்டினால் 30 நாளுக்குள் பதிவு எடுக்க வேண்டும். அப்புறம் அறைக்கான 5 சதவீதத்தை நீங்களே வசூலித்துக் கட்டுவீர்கள். தளம் ஜிஎஸ்டி டிசிஎஸ் என்று, உங்களுக்குத் தரும் பணத்திலிருந்து முன்கூட்டியே 0.5% பிடிக்கும், அது உங்கள் கணக்கில் வரவாகும். கடை வாடகைக்கும் 18% போட வேண்டிவரும், குடியிருக்கும் கடைக்காரர் முகம் சுளிப்பார். வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. ஒன்றுமில்லை என்ற ரிட்டர்னைத் தாமதித்தாலே நாளுக்கு 20 ரூபாய். தேவையில்லாமல் இதையெல்லாம் எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்வது?

162 ரூபாயை மீட்க ஒரே வழி, வாடகையை ஒழுங்காக நிர்ணயிப்பது. 15% கமிஷனும் அதன் மேல் 18 சதவீதமும் சேர்ந்தால் 17.7%. கையில் 2,500 நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் 15 சதவீதத்தை மேலே கூட்டி 2,875 என்று போடுகிறார்கள். அதில் 17.7% போனால் 2,366தான் மிஞ்சும். 2,500ஐ 0.823 ஆல் வகுக்க வேண்டும், 3,038 வரும். உங்கள் 3,000 கிட்டத்தட்ட சரியான விலைதான், தெரிந்து வைத்தீர்களோ தெரியாமல் வைத்தீர்களோ.

வருமான வரிக் கணக்கில் 4,932 என்று எழுதாதீர்கள். 6,000 வரவு, கமிஷனும் அதன் வரியும் சேர்ந்த 1,062 செலவு. டிடிஎஸ் 6 ரூபாய் உங்கள் வரியில் கழியும். தளம் வருமான வரித்துறைக்கு உங்கள் பான் எண்ணில் 6,000 என்றுதான் காட்டியிருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மாதாமாதம் தளம் தரும் கமிஷன் பில்லை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மார்ச்சில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. நேரே வரும் விருந்தினரிடம் ‘தளத்தில் 5% வாங்குகிறார்களே’ என்று நீங்களும் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கிவிடாதீர்கள். பதிவில்லாதவர் அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ரசீதில் வாடகை 3,000 என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.