'அருமை' என்றார்கள், அதோடு சரி

கேள்வி: குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பெரிய ஓவியம் ஒன்று வரைந்தேன். சங்கிலி கட்டிய பிஞ்சுக் கைகள், கண்ணீர், பின்னால் எரியும் புத்தகம். பார்த்தவர்கள் எல்லோரும் 'அருமை' என்றார்கள், அதோடு சரி. பிரச்சினையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: அந்தச் சங்கிலியில்தான். அதைப் பார்த்த உடனே 'ஓ, விழிப்புணர்வுப் படம்' என்று புரிந்துவிடுகிறது, புரிந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளை, என்ன வேலை, எத்தனை மணி வரை என்று உங்கள் படத்தில் ஒன்றுமே இல்லையே?

லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலை ஆலையாக அலைந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர் மாதிரியெல்லாம் நடித்து நுழைவார். தன் கோட்டுப் பித்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து என்ன உயரம் என்று தெரிந்து வைத்திருந்தார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை எந்தப் பித்தான் வரை வருகிறது என்று பார்த்து, பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். வட கரோலினாவில் நூற்பாலைச் சிறுமி ஒருத்தியின் படத்துக்கு அவர் எழுதிய குறிப்பு இப்படிப் போகிறது: உயரம் 51 அங்குலம், ஒரு வருடமாக வேலை, சில நாள் இரவிலும் உண்டு, கூலி நாளுக்கு 48 சென்ட். வயது கேட்டதும் தயங்கி 'ஞாபகமில்லை' என்றாளாம், அப்புறம் ரகசியம் போல, வேலைக்குப் போகிற வயது இன்னும் ஆகவில்லை, இருந்தாலும் போகிறேன் என்றாளாம். படத்தில் அவள் அழவில்லை, இயந்திரத்தின் பக்கத்தில் சும்மா நிற்கிறாள், அவ்வளவுதான்.

படம் மட்டுமே குழந்தைத் தொழிலாளர் முறையைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். 1916இல் வந்த சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது, நிலைத்து நின்றது 1938இல் வந்ததுதான். அத்தனை வருடமும் குழு சும்மா இருக்கவில்லை, படங்களைத் துண்டறிக்கையாகவும் கண்காட்சியாகவும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. உங்கள் ஓவியம் எங்கே மாட்டியிருக்கிறது? ஓவியம் பார்க்கவென்றே வருகிறவர்களிடம் காட்டினால் ஓவியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், வேறென்ன பேசுவார்கள்?

கேள்வி: எனக்கு வரையவே வராது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: தைக்க வருமா? எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அவர்களுடைய நண்பர்களும் வீட்டாரும் ஆளுக்கொரு துணி விரிப்பு தைத்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு சவக்குழி அளவு. பழைய சட்டை, பொம்மை, கையால் எழுதிய பெயர் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்தார்கள். 1987 அக்டோபர் 11இல் வாஷிங்டன் திடலில் விரித்தபோது மொத்தம் 1,920 விரிப்புகள். தையல் கோணலா நேரா என்று யார் பார்த்தார்கள்?

கேள்வி: பாதிக்கப்பட்டவரின் முகத்தை அப்படியே வரையலாமா?

பதில்: அவரிடம் கேட்டு, சரி என்றால் வரையுங்கள். எங்கே வைக்கப் போகிறீர்கள், யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தால் முகத்தை விட்டுவிட்டுக் கையை வரையலாம், வேலை செய்கிற கையில் வரைவதற்கு நிறையவே இருக்கிறது.