உயிர் பிழைக்க ஒரு டிசைன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2019-இல் இத்தாலியின் மிலான் நகரில் மனிதகுலம் பிழைத்திருப்பதைப் பற்றியே ஒரு டிசைன் கண்காட்சி நடந்ததாகப் படித்தேன். நாற்காலி, விளக்கு, கார் என்று பொருள்களை அழகாகச் செய்வதுதானே டிசைன்? உயிர் பிழைப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

நீங்கள் படித்தது 22-ஆவது மிலான் ட்ரியனாலே பற்றி. 'உடைந்த இயற்கை' என்ற தலைப்பில் 2019 மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்தது. தொகுத்தவர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பாவோலா அன்டொனெல்லி. 2005-இல் நியூயார்க்கில் ஆபத்தையும் பாதுகாப்பையும் மையமாக வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியவரும் அவர்தான். மிலானில் இன்னும் ஒரு படி மேலே போனார். மனித இனம் என்றைக்காவது அழியத்தான் போகிறது, அந்த முடிவையாவது கண்ணியமாக அமைத்துக்கொள்வோம் என்று பேசினார்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனித இனம் மொத்தமாக ஒரே நாளில் முழுகுவதில்லை. தாழ்வான இடத்தில் குடியிருப்பவர் வீட்டுக்குள்தான் முதலில் தண்ணீர் வரும். யாருடைய உயிர், எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் இந்தத் தலைப்பைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

ஆனால் அதே கண்காட்சியில் நல்ல வேலையும் இருந்தது. ஃபார்மாஃபான்டாஸ்மா என்ற பெயரில் இயங்கும் இத்தாலிய இரட்டையர், மின்னணுக் கழிவை ஆராய்ந்து அதிலிருந்து அலுவலக மேசை, அலமாரிகள் செய்து வைத்திருந்தார்கள். எனக்கு அந்த மேசைகளைவிட அவர்களுடைய யோசனைகள்தான் முக்கியம். செல்போனைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், பிரிக்கிற மாதிரி திருகாணி வையுங்கள். நச்சுப் பொருள் உள்ள பாகத்தைத் தனி நிறத்தில் காட்டுங்கள் என்றார்கள். டெல்லி சீலம்பூரில் வெறும் கையால் பழைய போனை உடைத்து வயிறு வளர்ப்பவருக்கு அந்த நிறம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எங்கள் குடும்பம் மாதக்கணக்கில் தார் ஷீட் கொட்டகையில் இருந்தது. சித்திரை வெயிலில் உள்ளே இருக்கவே முடியாது. அவசரத்துக்கு இதைவிட நல்லதாக ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகி, நாகப்பட்டினம்

முடியும் அம்மா. செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

2005 கோடையில் நானும் அந்தக் கொட்டகைகளுக்கு வந்திருக்கிறேன். பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே ஆள் இருக்காது. கைக்குழந்தையோடு தாய்மார்கள் வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வரிசையில் மட்டும் சிலர் கூரைமேல் சவுக்குக் கம்பு பரப்பி, அதன்மேல் தென்னங்கீற்று போட்டு, பழைய மீன்வலையை விரித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வலை கீற்றைப் பறக்க விடவில்லை. கம்பு இருந்ததால் ஷீட்டுக்கும் கீற்றுக்கும் நடுவே காற்று ஓடியது. அந்த முகாமில் நான் பார்த்த நல்ல டிசைன் அது ஒன்றுதான். செய்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். அவர்களை முன்கூட்டியே கேட்டிருந்தால் எல்லாக் கொட்டகையும் அப்படி அமைந்திருக்கும்.

அப்படிக் கேட்டும் கவனித்தும் வேலை செய்கிறவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். 1994-இல் ருவாண்டா அகதிகளுக்கு ஐ.நா. அமைப்பு பிளாஸ்டிக் விரிப்பும் அலுமினியக் கம்பமும் கொடுத்தது. அகதிகள் கம்பத்தைக் காசுக்கு விற்றுவிட்டு, மரத்தை வெட்டி நட்டுக்கொண்டார்கள். கையில் ஒன்றும் இல்லாதவர் வேறென்ன செய்வார்? சுற்றுவட்டாரத்தில் காடு அழியத் தொடங்கியது. பான் அட்டைக் குழாயைக் கம்பமாக வைக்கலாம் என்றார். அதை விற்றால் காசு வராது, அதனால் அது கூடாரத்திலேயே நிற்கும்.

மறு ஆண்டு கோபே நிலநடுக்கம். மணல் மூட்டை அடைத்த பீர் பெட்டிகளை அடித்தளமாக அடுக்கினார். அட்டைக் குழாய்களை நெருக்கமாக நிறுத்திச் சுவர் எழுப்பி, மழை இறங்காமல் இடுக்கில் நீர் புகாத ஸ்பாஞ்ச் நாடா ஒட்டினார். மேலே கூடாரத் துணி. வெயில் காலத்தில் கூரை முகப்பைத் திறந்து காற்று விடலாம். 2001-இல் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே வீட்டைக் குஜராத்தில் கட்டியபோது, இடிந்த வீடுகளின் கல்லும் செங்கல்லும் அடித்தளம் ஆயின, மேலே மண் தரை பூசினார்கள். அந்தந்த ஊரில் என்ன கிடைக்கிறதோ அதுதான் பொருள்.

சுனாமிக்கும் அவர் வந்தார். இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கிரிந்த என்ற ஊரில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு அழுத்திய மண்கற்களால் வீடுகள் கட்டினார். உள்ளே ரப்பர் மரத்தில் அலமாரித் தடுப்புகள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கூரை போட்ட ஒரு முற்றம். அந்தக் கரையோர வெயிலில் உட்காரவும் வேலை செய்யவும் நிழலான இடம் வேண்டும் என்று தெரிந்தவர்தான் அப்படி வரைவார்.

ஐகியா என்ற ஸ்வீடன் மரச்சாமான் நிறுவனத்தின் அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய தகரக் கொட்டகை போன்ற ஒரு வீட்டையும் சொல்ல வேண்டும் (தகரமில்லை, இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் பலகை). 17.5 சதுர மீட்டர். பிரித்து அட்டைப்பெட்டியில் அனுப்பலாம். லண்டன் டிசைன் மியூசியத்தின் 2016 விருதை வாங்கியது. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரம் தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை என்று 62 வீடுகளை வேண்டாமென்றது. பிறகு வடிவத்தைத் திருத்தினார்கள். அதில் எனக்குப் பிடித்தது கதவில் இருக்கும் பூட்டு. முகாமில் இரவைக் கழித்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: பள்ளிக் குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் பம்பு ஒன்று ஆப்பிரிக்காவில் தோற்றுப்போனதாமே? நல்ல யோசனையாகத்தானே தெரிகிறது?
– பம்ப் பட்டறை உரிமையாளர், கோவை

அந்த பிளேபம்ப்பைக் கேட்டதும் எல்லோருக்கும் பிடிக்கும். 2006-இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவி அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஆனால் ராட்டினம் என்றால் ஒருமுறை வேகம் பிடித்ததும் தானாகச் சுற்ற வேண்டும், அதில்தான் குழந்தைக்கு ஆனந்தம். பம்பைக் கட்டிவிட்டால் தள்ளுவதை நிறுத்திய உடனே நின்றுவிடும். குழந்தைகள் அலுத்துப்போய் விலகிவிட்டார்கள். பெண்கள் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ளித் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. கெட்டுப்போனால் ஊரில் யாராலும் பிரிக்க முடியாது. சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க ஒரு நாளில் 27 மணி நேரம் குழந்தைகள் விளையாட வேண்டும் என்று 2009-இல் 'கார்டியன்' பத்திரிகை கணக்குப் போட்டது.

இதற்கு மாற்று உங்கள் ஊர்ப் பக்கமே சோதித்துப் பார்க்கப்பட்டது. தெருவில் நாம் அடித்த 'இந்தியா மார்க் 2' அடிபம்புதான். அதற்கு முன்பு இருந்த வார்ப்பிரும்புப் பம்புகள், மேலைநாட்டில் ஒரு வீட்டுக்கென்று செய்த வடிவத்தின் நகல்கள். இங்கே ஒரு ஊரே வரிசையில் நின்று அடித்தது. சீக்கிரமே உடைந்துபோயின. சோலாப்பூரில் தானாகத் தொழில் கற்ற ஒரு மெக்கானிக் உருவாக்கிய பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, யுனிசெஃப்பும் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் 1970-களில் அதைத் திருத்தின. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் கோவை வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளில் போட்டுப் பார்த்தார்கள்.

அந்தப் பம்பின் தலையைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கைப்பிடி கெட்டியான இரும்பு. கீழே தொங்கும் ராடுகளின் பாரத்தை அதன் பாரம் சமன் செய்யும், அதனால் பத்து வயதுப் பெண்ணும் அடிக்கலாம். கைப்பிடி வளைவில் ஏறி இறங்கினாலும் ராடு நேராகவே மேலே வரும்படி ஒரு செயின். அச்சில் பால் பேரிங். காப்புரிமை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 1979-இல் ஐ.எஸ். 9301 என்று இந்தியத் தரம் வகுத்துவிட்டதால், எந்தப் பட்டறையில் செய்த பாகமும் எந்த ஊர்ப் பம்பிலும் பொருந்தும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்தால், முக்காலி நட்டுக் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். வேனில் ஆட்கள் வரும்வரை ஊர் காத்திருக்கும். 1980-களில் மறுபடியும் கோவையில் வருடக்கணக்காகச் சோதனை நடந்தது. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. 'மார்க் 3'-இல் குழாயை 65 மில்லிமீட்டருக்கு அகலமாக்கினார்கள். குழாயை அசைக்காமல் ராடோடு பிஸ்டனை மட்டும் மேலே உருவலாம். அகலக் குழாய்க்குச் செலவு கூடுதல்தான். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் அன்றைக்கே தண்ணீர் வந்துவிடும். பரிசும் கைதட்டலும் ராட்டினத்துக்குக் கிடைத்தன, நாட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது இந்தப் பம்பு. இதைப் பாடமாக வைக்காத டிசைன் கல்லூரிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பேரிடர், மருத்துவம் மாதிரி உயிர் காக்கும் பொருள்களை வடிவமைக்க ஆசை என்கிறாள். எங்கே சேர்ப்பது?
– ஒரு தாய், திருநெல்வேலி

அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. மும்பை உள்ளிட்ட சில ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். (வடிவமைப்பு இளநிலைப் பட்டம்) படிப்புக்கு யூசீட் தேர்வு. படம் வரையும் பயிற்சி மையத்தில் சேர்ப்பதோடு நிற்க வேண்டாம். விடுமுறையில் ஒரு செயற்கைக் கால் செய்யும் கூடத்துக்கோ பம்பு ரிப்பேர் கடைக்கோ அனுமதி கேட்டு அனுப்பி, அங்கே என்ன உடைந்து வருகிறது, எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று நோட்டில் வரைந்து வரச் சொல்லுங்கள். கணக்கு குரூப் எடுக்கவில்லையே என்று தயங்க வேண்டாம், இரண்டு தேர்வுக்கும் எந்த குரூப் படித்தவரும் எழுதலாம்.