அமாக்சிசிலினுக்கு அடங்காத கோழிச்சளி

கேள்வி: மணலிப் புதுநகரில் வீட்டுக்குப் பின்புறம் 40 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். ஐப்பசியில் வெளியிலிருந்து 6 கோழிகள் வாங்கிச் சேர்த்த பிறகு, பலவற்றுக்கு மூச்சில் கொர்கொர் சத்தமும் கண்ணில் நுரையும் முகவீக்கமும் வந்துள்ளன. 5 நாள் அமாக்சிசிலின் கொடுத்தும் குறையவில்லை. செல் சுவர் இல்லாத பாக்டீரியாவாக இருக்கலாம் என்கிறார்கள். சுவரே இல்லாமல் அது எப்படிப் பெருகுகிறது?

பதில்: நீங்கள் கூறும் அறிகுறிகள் நாட்பட்ட சுவாச நோயை ஒத்திருக்கின்றன, அதை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்ற பாக்டீரியாவுக்குச் செல் சுவர் கிடையாது. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுத்தே அதைக் கொல்கிறது; கட்டுவதற்குச் சுவரே இல்லாத உயிரிடம் அதற்கு வேலை இல்லை. எனவே அளவைக் கூட்டிக் கொடுத்தாலும் பயன் இராது.

சுவருள்ள பாக்டீரியா நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிகிறது. இதற்கோ மெல்லிய சவ்வு ஒன்றே போர்வை; அந்தச் சவ்வுக்கு உறுதி தரும் கொலஸ்டிராலையும் கோழியிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதன் ஒரு முனையில் உள்ள சிறு குமிழ்தான் மூச்சுக்குழாயின் உட்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. பெருகும் வேளையில் மரபுப்பொருள் இரட்டிக்கும்போது அந்தக் குமிழும் இரண்டாகி எதிரெதிர் முனைகளுக்கு விலக, நடுவில் மெலிந்துகொண்டே போகும் சவ்வு இறுதியில் அறுந்து இரண்டு உயிர்களாகிறது. இதன் நெருங்கிய உறவான மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியத்தில், பிளவுக்கு இன்றியமையாதது என்று எண்ணப்பட்ட மரபணுவை நீக்கிய பின்னும் அது பெருகியது. இரு பாதிகளும் பரப்பைப் பற்றிக்கொண்டு எதிர்த்திசைகளில் ஊர்ந்து தம்மைப் பிய்த்துக்கொள்கின்றன என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். மரபுப்பொருள் முந்திக்கொண்டு இரட்டித்துச் சவ்வு பிந்தினால், சில இனங்கள் நூலாக நீண்டு பின்னர் மணிமணியாக அறுபடுவதும் உண்டு. அந்த நூல் வடிவத்தால்தான் பூஞ்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இதன் பெயரில் ஏறியது. பெயரைப் பார்த்துப் பூஞ்சை மருந்து வாங்கிவிட வேண்டாம்.

இதன் புரத உற்பத்தியைத் தடுக்கும் டைலோசின், ஆக்சிடெட்ராசைக்ளின், டியாமுலின் போன்றவையே பயன் தரும். ஆயினும் இதே அறிகுறிகள் வேறு நோய்களிலும் தோன்றும் என்பதால், நோயுற்ற இரண்டு கோழிகளை மாதவரத்திலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, மருந்தையும் அளவையும் மருத்துவர் சொன்னபடியே கொடுங்கள். இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கும் மருந்துகளான மோனென்சின் அல்லது சலினோமைசின் கலந்த தீவனம் போடுகிறீர்கள் என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். அதனுடன் டியாமுலின் சேர்ந்தால் கோழிகளே இறந்துபோகலாம். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பிறகு மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் வரையிலும், முட்டையையும் இறைச்சியையும் விற்கவோ உண்ணவோ கூடாது.

மருந்து நோயைத் தணிக்குமே தவிர, கிருமியை முற்றிலும் அகற்றாது. தேறிய கோழி அதைச் சுமந்துகொண்டே இருப்பதோடு முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கடத்தும். ஆகவே இந்தக் கூட்டத்து முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள். சுவர் இல்லாதது உங்களுக்குச் சாதகமாகவும் அமைகிறது: கோழியின் உடலுக்கு வெளியே, காய்ந்த வெயிலிலும் கிருமிநாசினியிலும் இது எளிதில் மடிந்துவிடும். உங்கள் பகுதியில் மழைநீர் தேங்கும் என்பதால், ஈரக் கூளத்தை உடனுக்குடன் அள்ளிவிட்டுத் தரையை உயர்த்துங்கள். ஈரத்திலிருந்து எழும் அமோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி நோயை முற்றச் செய்யும். இனி வாங்கும் கோழிகளை 3 வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.