மஞ்சள் காய்ச்சல் அட்டை காலாவதியாகிவிட்டதா?

கேள்வி: 2014இல் நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகும்முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அட்டையில் 2024 வரை செல்லும் என்று இருக்கிறது. அடுத்த மாதம் மகனைப் பார்க்க உகாண்டா போகிறோம். அட்டை காலாவதியாகிவிட்டது, ஊசியே வேண்டாம், புதிய அட்டை வாங்கித் தருகிறேன் என்கிறார் டிராவல் ஏஜென்ட். என் மனைவிக்கு வயது 62, இதுவரை போட்டதில்லை. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: உங்களுக்கு மறு ஊசி தேவையில்லை. 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். அதற்கு முன் வாங்கிய அட்டைக்கும் இது பொருந்தும். '2024' என்று எழுதியிருப்பதைப் பேனாவால் திருத்திவிடாதீர்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் நல்ல அட்டையும் செல்லாததாகிவிடும்.

அந்த ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அட்டையில் மருந்தின் தொகுதி எண், போட்ட தேதி, மருத்துவர் கையொப்பம், மையத்தின் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். போலி பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், அவரல்ல. பிடிபடாவிட்டால் இன்னும் மோசம். ஊசியே போடாத உங்கள் மனைவி பாதுகாப்பே இல்லாமல் நோய் இருக்கும் நாட்டில் இறங்குவார். இந்த நோய்க்கெனத் தனி மருந்து கிடையாது.

தமிழர்கள் சிக்கும் இன்னொரு இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பையா' என்றிருக்க, அட்டையில் 'சு. முருகன்' என்று எழுதி வாங்கி வருகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்த பிறகே மையத்தை விட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் கொண்ட தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுபவர்களில் மிகச் சிலருக்குக் கடுமையான பக்கவிளைவு வரலாம். கல்லீரல், மூளை வரை பாதிக்கப்படலாம். அதற்காக 62 என்றதும் போடக்கூடாது என்று பொருளில்லை. உகாண்டாவில் நோய் உண்மையிலேயே இருப்பதால், உடல்நலம் சரியாக உள்ளவருக்குப் பெரும்பாலும் போடச் சொல்வேன். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு கட்டுப்பாட்டில் இருந்தால் அவை தடையல்ல. புற்றுநோய் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு, நெஞ்சுக்குள் உள்ள தைமஸ் சுரப்பியில் கோளாறு அல்லது அதை அகற்றிய அறுவை சிகிச்சை, முட்டைக்குக் கடும் ஒவ்வாமை – இவற்றில் ஒன்று இருந்தாலும் வரிசையில் நிற்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 'கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை' என்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. போட்ட பின் சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சலோ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஆகவே இந்த வாரமே கிளம்புங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கலந்தால் ஆறு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட பேருக்குத்தான். ஆனால் அதைச் சாக்காக வைத்துத் திருச்சியிலிருந்து ஒருவரை இரண்டு முறை அலைக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புரோக்கர் பிழைப்பதே இந்த அலைச்சலில்தான். முன்பதிவு முறையை விசாரித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது நம் டெங்கு கொசு, தெருவெங்கும் இருக்கிறது. அது பகலில் கடிக்கும். அங்கே பகலிலும் முழுக்கை உடை, கொசு விரட்டி களிம்பு அவசியம். மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது. அதற்கான மாத்திரையை அதே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.