இல்லம் கேள்வி – பதில்

கேள்வி: அடுத்த வாரம் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறோம். உரிமையாளர் இரண்டு சாவிகள் தந்து, 'வேறு சாவி கிடையாது' என்கிறார். நம்பலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: அவரை நம்புங்கள், சாவியை நம்பாதீர்கள். முன்பு குடியிருந்தவர், பெயின்டர், வேலைக்கார அம்மா என்று யார் கையில் நகல் இருக்கிறதோ, உரிமையாளருக்கே தெரியாது. பூட்டுத் தொழிலில் தலை நரைத்தவன் சொல்கிறேன்: முழுப் பூட்டையும் மாற்றச் சொல்பவரிடம் காசைக் கொட்டாதீர்கள். கதவுக்குள் பதித்த பூட்டு என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். கதவின் விளிம்பில், தாழ் நீளும் இடத்துக்குக் கீழே ஒரு நீள ஸ்குரூ தெரியும். அதைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் கேளுங்கள். உரிமையாளரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது பழையதையே மாட்டிவிடலாம்.

மொட்டைமாடிக் கதவையும் பாருங்கள். கொண்டியின் ஸ்குரூக்கள் வெளிப்பக்கம் தெரிந்தால், திண்டுக்கல் பூட்டே போட்டாலும் வீண். திருடன் பூட்டைத் தொடவே மாட்டான்.