நொய்யல் கரையில் ஒரு பாடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். நீடித்த வளர்ச்சி, உலகக் குடிமை (உலகத்துக்கே பொறுப்புள்ள குடிமக்களாக வாழ்வது) ஆகியவற்றை வளர்ப்பதற்கென்று எங்கள் கல்லூரியில் ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறார்கள். மரக்கன்று நடுகிறோம், கருத்தரங்கு நடத்துகிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். வேலை கிடைத்தால் போதும் என்று வரும் பிள்ளைகள் மீது இதையும் ஏற்றுவது பல்கலைக்கழகத்தின் வேலைதானா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை.

க., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தின் வேலைதான். ஆனால் அதை ஒரு மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டுத் துறைகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவதான கல்வி இலக்கு, நீங்கள் சொல்லும் இரண்டையும் பெயர் சொல்லியே கேட்கிறது. அதற்கான பாடத்தைத் தேடிக் கொங்கு நாட்டுக் கல்லூரிகள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றுப் பக்கத்திலேயே இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பை எவ்வளவு தாராளமாகச் சேர்க்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; சாயம் ஏறிய பின் அந்த உப்பு கழிவுநீரில்தான் நிற்கும், நிறத்தை அகற்றும் வழக்கமான சுத்திகரிப்பு அதைத் தொடுவதே இல்லை. திருப்பூர்ப் பனியன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன; இளநீர்கூடக் கரித்தது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டெடுக்கும் முறை அங்கே உறுதிப்பட்டது.

இந்தக் காலம் முழுவதும் ஆய்வுகள் நடக்காமல் இல்லை. அவை கிணற்றுக்காரரின் கைக்கு, அவருக்குப் புரியும் தமிழில், போய்ச் சேரவில்லை என்பதுதான் என் மனக்குறை.

கணக்கும் இன்னும் தீரவில்லை. சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரை மீட்டுவிடுகின்றன, அதற்கு ஏராளமான மின்சாரம் செலவாகிறது. மிஞ்சும் கலப்பு உப்பும் சாயக்கசடும் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. லண்டனில் ஒருவர் பனியனுக்குக் கொடுக்கும் விலையில் அந்த மூட்டையின் செலவும் சென்னிமலைப் பக்கத்துக் கிணற்றின் நட்டமும் சேர்ந்திருக்கின்றனவா என்று உங்கள் மேலாண்மைத் துறை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். உலகக் குடிமைக்கு இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியவில்லை. அதே பனியன் கம்பெனிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்பவர்களோடு ஒருநாளும் உட்கார்ந்து பேசாத மாணவருக்கு உலகக் குடிமைச் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் எங்கே போவது என்று கேட்பீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தொடர்ச்சியாகச் சுற்றுச்சூழல் கல்வி இளநிலைப் படிப்புகளில் கட்டாயப் பாடமாக வந்தது. அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டத்திலேயே மாசுபட்ட உள்ளூர் இடம் ஒன்றுக்குச் சென்று பதிவு செய்யும் களப்பணி உண்டு. பல இடங்களில் அது பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதும் பயிற்சியாகக் குறுகிவிட்டது. அதை மீட்டெடுங்கள்.

அணையைச் சுற்றிப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை கரைந்துள்ள உப்பின் அளவை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பிடம் அதே பதிவேட்டை ஒப்படைக்கலாம். (அதே நொய்யல் கரையில் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பல பருவங்கள் திரும்பத் திரும்பப் போய் அகழ்ந்துதான் பழங்காலத்துக் கல்மணித் தொழிலை வெளிக்கொணர்ந்தார்கள். அவ்வளவு நீண்ட பொறுமை தனி மனிதருக்கு அரிது, ஒரு பல்கலைக்கழகத்துக்கு முடியும்.) குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம், ஊர்க் கிணறு அதற்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் மாணவர்களே எழுந்து தமிழில் படிக்க வேண்டும். அங்கே விவசாயிகள் கேட்கும் கேள்விகளிலிருந்து அடுத்த ஆண்டின் மாணவர் ஆய்வுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.